ஸ்டாஃபோர்ட்ஷயர் பீங்கான் தொழிலாளர்கள்: ஆவணங்களில் தேடுதல்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் வடக்கே டன்ஸ்டல், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என ஆறு ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1910இல் இவை இணைக்கப்பட்டு ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்ற ஒரே நகராயின. எனினும் இப்பகுதிக்கு மக்கள் வழக்கில் நிலைத்த பெயர் ‘பாட்டரீஸ்’ என்பதே. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிரித்தானிய மட்பாண்ட, பீங்கான் தொழிலின் மையமாக இது விளங்கியது. புட்டி வடிவச் சூளைகள் ஒரு காலத்தில் இங்கு ஆயிரக்கணக்கில் புகைந்தன. இன்று எஞ்சி நிற்பவை ஐம்பதுக்கும் குறைவு.

இத்தொழிலின் முதலாளிகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஜோசயா வெட்ஜ்வுட், ஸ்போட், மின்டன் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகள் நூலகங்களில் வரிசையாக உள்ளன. மண் பிசைந்தவர், அச்சு சுமந்தவர், மெருகுக் குழம்பில் கையை முக்கியவர் ஆகியோரின் வாழ்க்கை அப்படி ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. அது கூலிப் பதிவேடு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அரசு ஆணைய அறிக்கை, நீதிமன்றக் குறிப்பு, இறப்புச் சான்று எனப் பல இடங்களில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. இந்த ஏடுகளில் எதுவும் தொழிலாளியின் வரலாற்றைச் சொல்வதற்காக எழுதப்பட்டதன்று. ஒவ்வொன்றையும் எழுதியவருக்கு ஒரு தேவை இருந்தது. அந்தத் தேவை எது என்று அறியாமல் படித்தால் ஏடு தவறான வாழ்க்கையைக் காட்டிவிடும்.

‘பாட்டர்’ என்ற ஒற்றைச் சொல்

குயவர் என்றதும் தமிழ் வாசகரின் மனத்தில் சக்கரத்தின் முன் அமர்ந்து பானை வனையும் ஒருவர் தோன்றுவார். மண் எடுப்பது முதல் சூளை பிரிப்பது வரை அவரும் அவர் குடும்பமுமே செய்வர். 19ஆம் நூற்றாண்டு ஸ்டாஃபோர்ட்ஷயர் ஆலையில் அப்படி ஒருவர் இல்லை. அங்கு ஒரு தட்டு பல கைகளைக் கடந்தே வெளியே வரும். சக்கரத்தில் வனைபவர், கடைசல் பிடிப்பவர், கைப்பிடி செய்து ஒட்டுபவர், அச்சில் தட்டு அழுத்துபவர், மெருகுக் குழம்பில் முக்குபவர், சூளையில் அடுக்குபவர், நெருப்பைக் கவனிப்பவர், தாளில் அச்சிட்ட படத்தைப் பாத்திரத்தில் ஒட்டும் பெண், தூரிகையால் வண்ணம் தீட்டும் பெண் என ஒவ்வொருவருக்கும் தனிப்பெயரும் தனிக்கூலியும் உண்டு.

சூளைக்குள் பாத்திரங்களைப் புகையும் சாம்பலும் படாமல் காக்க ‘சாகர்’ என்னும் சுடுமண் பெட்டிகளில் வைப்பார்கள். அந்தப் பெட்டியின் அடித்தட்டுக்கான களிமண்ணை இரும்பு வளையத்துக்குள் வைத்து மரக்கட்டையால் அடித்துப் பரப்புவது ஒரு பையனின் வேலை. அந்த வேலைக்கு ‘சாகர் மேக்கர்ஸ் பாட்டம் நாக்கர்’ என்று பெயர். கேட்பவருக்கு வேடிக்கையாக இருக்கும் இந்தப் பெயர் கணக்கெடுப்புத் தாள்களில் உண்மையான தொழிற்பெயராகவே இடம்பெறுகிறது.

ஆனால் பல ஏடுகளில் எழுத்தர்கள் இவ்வளவு நுணுக்கம் பார்க்கவில்லை. திருச்சபைப் பதிவேட்டிலும் பழைய கணக்கெடுப்புகளிலும் வெறும் ‘பாட்டர்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். அந்தச் சொல்லுக்குள் வாரம் நல்ல கூலி பெற்ற வனைஞரும் இருக்கிறார், நாற்பது வயதுக்குள் நுரையீரல் கெட்டு இறந்த கூலியாளும் இருக்கிறார். ஆகவே இப்பகுதியில் ஒருவரைத் தேடுவோர் முதலில் கண்டறிய வேண்டியது அவர் எந்த அறையில் நின்றார் என்பதைத்தான். அவர் என்ன கூலி பெற்றார், எந்த நோயால் பாதிக்கப்பட்டார் என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் அதுவே தீர்மானித்தது.

முதலாளியின் ஏடுகள்

தொழிலாளியின் உடல்நலத்தைப் பற்றிய மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று மருத்துவ ஏடு அன்று, ஒரு காப்புரிமை. வெண்ணிறப் பாண்டம் செய்யச் சிக்கிமுக்கிக் கல்லைச் சுட்டுப் பொடியாக்கிக் களிமண்ணுடன் கலப்பார்கள். அந்தப் பொடியை உலர்வாக இடித்தபோது எழுந்த தூசி தொழிலாளர்களின் நுரையீரலை அரித்தது. கல்லை நீரில் வைத்து அரைக்கும் முறைக்கு 1726இல் தாமஸ் பென்சன் என்பவர் காப்புரிமை பெற்றார். அந்தப் பத்திரத்தில், எவ்வளவு திடமான ஆளும் பழைய முறையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிழைத்திருப்பது அரிது என்ற கருத்து பதிவாகியுள்ளது. தம் கண்டுபிடிப்பின் தேவையை நிறுவவே பென்சன் அதை எழுதினார். இறந்தவர்களின் பெயர் எதுவும் அதில் இல்லை. ஆயினும் அவர்கள் இறந்தார்கள் என்பதும், அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதும் அந்தப் பத்திரத்தால்தான் இன்று தெரிகிறது. இவ்வளவுக்கும் பிறகு, அரைத்தல் நீருக்குள் போனாலும் சூளை அறையிலும் தேய்க்கும் அறையிலும் தூசி இருந்துகொண்டே இருந்தது.

1769இல் ஜோசயா வெட்ஜ்வுட் எட்ரூரியா என்ற ஆலையைத் திறந்தார். வேலை தொடங்கும் நேரத்துக்கு மணி அடிப்பது, தாமதமாக வருவோரைக் குறிப்பது, ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை ஒதுக்குவது என ஒழுங்குகளைக் கொண்டுவந்தார். அந்த ஒழுங்கின் விளைவாகவே கூலிக் கணக்குகளும் விதிமுறைகளும் கடிதங்களும் பெருமளவில் எஞ்சின. யார் எந்த வாரம் எவ்வளவு பெற்றார் என்பதைப் பல இடங்களில் அவற்றிலிருந்து பின்தொடரலாம்.

1783 மார்ச்சில் உணவுப் பஞ்சத்தின்போது எட்ரூரியாவை ஒட்டிய கால்வாயில் மாவும் பாலாடைக்கட்டியும் ஏற்றி வந்த படகைக் கூட்டம் மறித்தது. கலவரத்தில் ஈடுபட்டதற்காக ஸ்டீபன் பார்லோ என்பவர் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு வெட்ஜ்வுட் இப்பகுதி இளைஞர்களை நோக்கி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இந்த ஊர் முன்பு எவ்வளவு வறண்டு கிடந்தது என்பதை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள் என்று அதில் அவர் கூறினார். பெற்றோர் என்ன பதில் சொன்னார்கள் என்பது எங்கும் பதிவாகவில்லை. முதலாளியின் ஏடுகளுக்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. கேள்வி பாதுகாக்கப்பட்டது, பதில் பாதுகாக்கப்படவில்லை.

இந்த ஏடுகளில் இன்னும் பெரிய குறை ஒன்று உண்டு. குழந்தைகள் பலர் அவற்றில் இல்லவே இல்லை. தட்டு செய்பவர் எண்ணிக்கைக் கூலி பெற்றார். அவருக்கு உதவியாக அச்சு சுமக்கவும் சக்கரம் சுழற்றவும் சிறுவர்களை அவரே அமர்த்திக்கொண்டார், தம் கூலியிலிருந்தே அவர்களுக்குக் கொடுத்தார். ஆலையின் கணக்கில் தட்டு செய்பவரின் பெயர் மட்டும் இருக்கும். வாரக் கூலி எழுதும் எழுத்தருக்கு அந்தப் பையன்கள் யாரென்று தெரிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆலையின் பதிவேட்டை மட்டும் நம்பி எழுதப்படும் வரலாற்றில் அங்கு குழந்தைத் தொழிலாளர் குறைவு என்று தோன்றக்கூடும். உண்மை நேர்மாறானது.

தட்டு செய்பவருக்கும் இந்த ஏற்பாட்டில் நிம்மதி இல்லை. ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் வரும் புனித மார்ட்டின் திருநாளில் அடுத்த ஓராண்டுக்கு அவர் ஒப்பந்தத்தில் கட்டப்பட்டார். ‘சூளையிலிருந்து நல்லதாக’ வெளிவரும் பாத்திரத்துக்கு மட்டுமே கூலி என்பது வழக்கம். சூளைக்காரர் நெருப்பைத் தவறவிட்டுப் பாத்திரம் வெடித்தாலும் இழப்பு செய்தவருக்குத்தான். கூலிப் பதிவேட்டில் ஒரு வாரம் திடீரெனத் தொகை குறைந்திருந்தால் அவர் சோம்பியிருந்தார் என்று முடிவு செய்துவிட முடியாது. சூளை கெட்டிருக்கலாம்.

ஸ்கிரிவன் எழுதிக்கொண்ட சாட்சியங்கள்

1840 இறுதியில் சாமுவேல் ஸ்கிரிவன் என்ற அதிகாரி பாட்டரீஸ் பகுதிக்கு வந்தார். குழந்தைகளின் வேலைநிலை பற்றி ஆராய அமைக்கப்பட்ட அரசு ஆணையத்தின் துணை ஆணையர் அவர். அந்தக் குளிர்காலத்தில் ஆலை ஆலையாகச் சென்று முதலாளிகள், மேற்பார்வையாளர்கள், ஆசிரியர்கள் ஆகியோருடன் நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியரிடமும் நேரில் பேசினார். அவர் திரட்டியவை 1843இல் வெளியான ஆணையத்தின் இரண்டாம் அறிக்கையுடன் அச்சாயின.

கூலிப் பதிவேட்டில் காணாமல் போன பையன்கள் இங்கே பெயரோடும் வயதோடும் வருகிறார்கள். தட்டு செய்பவர் களிமண்ணை அச்சில் பரப்பியதும் அச்சோடு அதைத் தூக்கிக்கொண்டு சூடான உலர்த்தும் அறைக்குள் ஓட வேண்டும். அங்கிருந்து காய்ந்த அச்சை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வர வேண்டும். காலை ஆறு மணிக்கு முன்பே வந்து அடுப்பு மூட்ட வேண்டியதும் அவர்கள்தாம். இரவு எட்டு, ஒன்பது மணி வரை இந்த ஓட்டம் தொடரும். வெளியே பனி, உள்ளே அனல். பிள்ளைகள் சொல்லும் விவரங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகின்றன. படிக்கத் தெரியுமா, ஞாயிறு பள்ளிக்குப் போகிறாரா, தந்தை என்ன வேலை, தாய் எங்கே, வாரம் எவ்வளவு கூலி, காலையில் என்ன உணவு, மாற்று உடை உண்டா என்பனவே அவை.

இந்த ஒழுங்கைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. அச்சிட்டபோது கேள்விகள் நீக்கப்பட்டுப் பதில்கள் மட்டும் தொடர்ச்சியாகத் தரப்பட்டுள்ளன. அதனால் ஒரு சிறுவன் தானாகவே தன் கதையைச் சொல்வது போன்ற தோற்றம் உண்டாகிறது. அவன் சொன்னது அதிகாரி கேட்டதை மட்டும். பல சமயம் ஆலைக்குள்ளேயே விசாரணை நடந்தது. அடி வாங்குவதுண்டா என்ற கேள்விக்கு, அடிப்பவர் கேட்கும் தொலைவில் இருக்கும்போது ஒரு பையன் என்ன சொல்வான் என்று யோசித்தே படிக்க வேண்டும். இந்த எச்சரிக்கைகளோடு பார்த்தாலும், ஸ்கிரிவனின் தொகுப்புக்கு இணையாகத் தொழிலாளர் குழந்தைகளின் சொற்களைத் தரும் வேறொரு ஆவணம் அந்தக் காலப் பாட்டரீஸில் இல்லை.

கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்கள்

ஸ்கிரிவன் சென்று சில மாதங்களே ஆன நிலையில், 1841 ஜூன் 6ஆம் நாள் இரவை அடிப்படையாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. நாடு முழுவதும் தனிநபர் பெயர்களைப் பதிந்து பாதுகாத்த முதல் கணக்கெடுப்பு அது. ஒரே தெருக்களை ஓராண்டுக்குள் இரண்டு ஏடுகள் கடந்து சென்றிருப்பது ஆய்வாளருக்குக் கிடைத்த பேறு. ஸ்கிரிவனின் சாட்சி ஒருவரின் பெயரையும் வயதையும் தந்தையின் தொழிலையும் வைத்துக்கொண்டு கணக்கெடுப்பில் தேடினால், பல வேளைகளில் அந்த வீடே கிடைத்துவிடும்.

ஆனால் 1841 ஏட்டுக்கு இரண்டு விதிகள் இருந்தன. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதலாம். முப்பத்து நான்கு வயதுக்காரர் முப்பது என்றே பதிவாவார். இது சிறிய இடையூறு. மற்றது பெரியது. மனைவியின் தொழிலையும், பெற்றோருடன் இருந்து அவர்களுக்கு உதவிக்கொண்டு தனியாகக் கூலி பெறாத பிள்ளைகளின் தொழிலையும் எழுத வேண்டியதில்லை என்று கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. பாட்டரீஸ் பகுதியிலோ மணமான பெண்கள் ஆலைக்குப் போவது வழக்கமாக இருந்தது. படம் ஒட்டுதல், வண்ணம் தீட்டுதல், பீங்கானைத் தேய்த்து வழவழப்பாக்குதல் ஆகியவை பெரும்பாலும் பெண்களின் கைகளில் இருந்தன. கணக்கெடுப்பில் அவர்களுக்கு எதிரே உள்ள கட்டம் வெறுமையாக இருப்பதை, வேலையில்லை என்று பொருள் கொண்டால் ஊரின் உழைப்பில் பெரும்பங்கு மறைந்துவிடும். 1851 முதல் சரியான வயதும் பிறந்த ஊரும் குடும்பத் தலைவரோடு உள்ள உறவும் எழுதப்பட்டன. அதற்குப் பின்புதான் ஒரு குடும்பத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை நம்பிக்கையோடு பின்தொடர முடிகிறது.

ஒரு பழைய பாட்டரின் குரல்

மேற்சொன்ன எல்லா ஏடுகளையும் மற்றவர்களே எழுதினார்கள். விதிவிலக்காக ஒருவர் தாமே எழுதினார். 1832இல் டன்ஸ்டலில் பிறந்த சார்லஸ் ஷா ஏழு வயதில் அச்சு சுமக்கும் பையனாக வேலைக்குப் போனார். வாரக் கூலி ஒரு ஷில்லிங். ஸ்கிரிவன் ஆலைகளைச் சுற்றிவந்த மாதங்களில் ஷாவுக்கு வயது எட்டு. அவருடைய தந்தை பீங்கானில் வண்ணமும் பொன்முலாமும் தீட்டும் கைத்திறனாளர். 1842இல் அவர் வேலையிழந்தபோது குடும்பம் முழுவதும் செல் என்ற இடத்திலிருந்த ஏழையர் விடுதிக்குப் போக நேர்ந்தது. வாயிலைக் கடந்ததும் பெற்றோரும் பிள்ளைகளும் பிரிக்கப்பட்டனர். அந்த விடுதியை ஊர்மக்கள் பாஸ்டில் சிறையின் பெயரால் குறிப்பிட்டதை ஷா நினைவுகூர்கிறார்.

பிற்காலத்தில் மெதடிஸ்ட் திருச்சபையின் போதகராகிய ஷா, 1892-93இல் உள்ளூர் நாளிதழில் ‘ஒரு பழைய பாட்டர்’ என்ற புனைபெயரில் தம் இளமைக்காலத்தைத் தொடராக எழுதினார். அது 1903இல் நூலாக வெளிவந்தது. பாட்டரீஸ் பகுதியைத் தம் நாவல்களில் எழுதிய ஆர்னல்ட் பென்னட், ‘கிளேஹேங்கர்’ நாவலில் டேரியஸ் என்ற பாத்திரத்தின் குழந்தைப் பருவத்துக்கு இந்த நினைவுக் குறிப்புகளையே ஆதாரமாகக் கொண்டார்.

ஷாவின் நூல் மற்ற ஏடுகளின் வெற்றிடங்களை நிரப்புகிறது. தட்டு செய்பவர்கள் திங்களும் பல வேளை செவ்வாயும் குடித்துக் கழித்துவிட்டு, விட்டுப்போன வேலையை வாரக் கடைசியில் இரவு பகலாக முடிப்பார்கள் என்றும், அந்த நெருக்கடி பிள்ளைகளின் தலையில் விழுந்தது என்றும் அவர் எழுதுகிறார். குழந்தைகளை வருத்தியவர்கள் முதலாளிகள் மட்டுமல்லர், அவர்களைப் போலவே ஏழைகளான தொழிலாளர்களும்தாம் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆலைக்கணக்கில் இல்லாத அந்த இடைநிலை முதலாளி இங்கே முகத்தோடு தெரிகிறார். அதே நேரத்தில், ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு போதகர் எழுதியது இது என்பதையும் மறக்கலாகாது. குடியைப் பற்றிய அவருடைய கண்டிப்பில் பிரசங்க மேடையின் சாயல் உண்டு. உலர்த்தும் அறை, நேரம், கூலி பற்றி அவர் சொல்பவை ஸ்கிரிவனின் சாட்சியங்களோடு ஒத்துப்போவதால் அந்தப் பகுதிகளுக்கு வலிமை கூடுகிறது.

கலவரமும் கப்பலும்

ஷாவின் குடும்பம் ஏழையர் விடுதிக்குப் போன அதே 1842இல் பாட்டரீஸ் கொந்தளித்தது. நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தால் சூளைகள் அணைந்தன. வாக்குரிமை கேட்ட சாசன இயக்கமும் வலுத்திருந்தது. ஆகஸ்ட் 15, 16ஆம் நாட்களில் நீதிபதிகள், மதகுருக்கள் ஆகியோரின் வீடுகள் எரிக்கப்பட்டன. பர்ஸ்லெமில் படை சுட்டதில் ஜோசயா ஹீப்பி என்ற இளைஞர் இறந்தார். அக்டோபரில் ஸ்டாஃபோர்ட் நகரில் கூடிய சிறப்பு நீதிமன்றம் இருநூறுக்கும் மேற்பட்டோரை விசாரித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோரை ஆஸ்திரேலியப் பகுதிக்கு நாடுகடத்த உத்தரவிட்டது. அவர்களுள் ஒருவர் பர்ஸ்லெமைச் சேர்ந்த வில்லியம் எல்லிஸ் என்ற பாட்டர். அவருக்கு 21 ஆண்டுகள் விதிக்கப்பட்டன.

இதில் ஒரு கொடுமையான முரண் இருக்கிறது. அதுவரை எந்த ஏட்டிலும் ‘பாட்டர்’ என்ற சொல்லுக்கு மேல் எதுவும் எழுதப்படாத ஆட்கள், தண்டனைக் கைதிகளானதும் முழு உருவம் பெற்றுவிடுகிறார்கள். உயரம், முடியின் நிறம், கண், தழும்பு, பச்சை குத்தல், எழுதப் படிக்கத் தெரியுமா என்பனவெல்லாம் வான் டீமன் நிலம் என்று அன்று அழைக்கப்பட்ட டாஸ்மேனியாவின் கைதிப் பதிவேடுகளில் வரிசையாக உள்ளன. தப்பினால் அடையாளம் காண்பதற்காக எழுதப்பட்டவை அவை.

சொந்த விருப்பில் கப்பலேறியவர்களும் உண்டு. 1844இல் ஃபென்டனில் தட்டு செய்யும் இயந்திரம் ஒன்று அறிமுகமானபோது தொழிலாளர்கள் அஞ்சினர். ‘பாட்டர்ஸ் எக்ஸாமினர்’ என்ற தொழிற்சங்க இதழின் ஆசிரியர் வில்லியம் எவன்ஸ், உபரித் தொழிலாளர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டால் இங்கிருப்போரின் கூலி காப்பாற்றப்படும் என்று வாதிட்டுக் குடியேற்றச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். வாரச் சந்தா கட்டியோரிடையே குலுக்கல் நடத்தி, விஸ்கான்சினில் சங்கம் வாங்கிய நிலத்தில் ஆளுக்கு இருபது ஏக்கர் அளிப்பது திட்டம். அங்கே பாட்டர்ஸ்வில் என்ற குடியிருப்பும் உருவானது. நிலம் உழுது பழக்கமில்லாத அவர்கள் பெரும் துன்பத்துக்கு உள்ளாயினர். 1850களின் தொடக்கத்துக்குள் சங்கம் கலைந்தது. அந்த இதழின் பக்கங்களில் வந்த குலுக்கல் முடிவுகளும் குடியேறியோரின் கடிதங்களும், தொழிலாளர் தரப்பிலிருந்து எஞ்சியுள்ள அரிய ஆவணங்கள். இதழ் சங்கத்தின் ஊதுகுழல் என்பதால் நம்பிக்கையூட்டும் கடிதங்களே முன்னிடம் பெற்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஒன்பது வயதுச் சாட்சி

ஸ்கிரிவனின் அறிக்கைக்குப் பின் இருபது ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. நெசவாலைக் குழந்தைகளுக்கு 1833இலேயே கிடைத்த சட்டப் பாதுகாப்பு பாட்டரீஸ் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. 1860களின் தொடக்கத்தில் மற்றோர் ஆணையம் வந்தது. வில்லியம் வுட் என்ற ஒன்பது வயதுச் சிறுவன், தான் ஏழு வயதும் பத்து மாதமும் ஆனபோது வேலைக்கு வந்ததாகவும், காலை ஆறு மணிக்கு வந்து இரவு ஒன்பது மணி அளவில் வீடு திரும்புவதாகவும் கூறினான். அவன் வேலையும் அச்சு சுமந்து ஓடுவதே. நார்த் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையின் மருத்துவர் ஆர்லிட்ஜ், பாட்டர்கள் உயரம் குன்றி, மார்பு ஒடுங்கி, இளமையிலேயே மூப்படைவதாகச் சாட்சியம் அளித்தார்.

லண்டனில் இந்த அறிக்கையைப் படித்த கார்ல் மார்க்ஸ், 1867இல் வெளியான ‘மூலதனம்’ நூலின் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் வில்லியம் வுட்டின் சாட்சியத்தை எடுத்தாண்டார். பாட்டரீஸில் அச்சு சுமந்த ஒரு பையன் பல மொழிகளில் அச்சேறியது இவ்வாறுதான். அதே நூலில் மார்க்ஸ் இன்னொன்றையும் குறிப்பிடுகிறார். 1863 தொடக்கத்தில் ஜோசயா வெட்ஜ்வுட் அண்டு சன்ஸ் உள்ளிட்ட 26 நிறுவனங்கள், வேலைநேரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்துமாறு தாங்களே அரசிடம் விண்ணப்பித்தன. போட்டியின் காரணமாகத் தனித்தனியாகத் தங்களால் நேரத்தைக் குறைக்க இயலவில்லை என்பது அவர்கள் கூறிய காரணம்.

1864இல் சட்டம் வந்தது. எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை அமர்த்துவது தடைசெய்யப்பட்டது. பதின்மூன்று வயது வரை பாதிநாள் வேலை, பாதிநாள் பள்ளி. இதற்குப் பின் வயதுச் சான்று, பள்ளி வருகைச் சான்று எனக் குழந்தைகளைப் பற்றிய புதிய ஏடுகள் பிறந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன் ஆலைக்கணக்கில் இல்லாதவர்கள் இப்போது அரசின் கணக்கில் வந்தார்கள்.

ஈயமும் பிள்ளைக் கணக்கும்

பாத்திரத்துக்குப் பளபளப்புத் தரும் மெருகுக் குழம்பில் ஈயம் கலந்திருந்தது. முக்குபவரின் கைகளிலும், காய்ந்த மெருகைத் துடைத்துச் சீராக்கும் பெண்களின் மூச்சிலும் அது ஏறியது. வயிற்று வலி, மணிக்கட்டுச் செயலிழப்பு, பார்வையிழப்பு, வலிப்பு, மரணம் என அதன் படிகள் ஊரறிந்தவை. 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஈய நச்சுக்கு ஆளானோரைப் பற்றி மருத்துவர்கள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றது. அதன்பின் மண்பாண்டத் தொழிலில் மட்டும் ஆண்டுக்கு நானூறுக்கும் மேற்பட்டோர் பதிவாயினர். மாதாந்தர மருத்துவச் சோதனை போன்ற விதிகள் கடுமையான பின் 1900 அளவில் இது ஏறத்தாழ இருநூறாகக் குறைந்தது. முதல் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கைகள் இல்லாவிட்டால் இந்த எண்களுக்குப் பின்னால் இருந்த பெண்களைப் பற்றி இன்று மிகக் குறைவாகவே தெரிந்திருக்கும்.

ஈயம் கருவையும் தாக்கியது. கருச்சிதைவும் இறந்து பிறத்தலும் முக்கும் அறைப் பெண்களிடையே மிகுதி என்பதை ஆய்வாளர்கள் அடிக்கடி சுட்டினர். குறை வளர்ச்சியில் சிதைந்த கருவுக்கும் இறந்து பிறந்த குழந்தைக்கும் அன்றைய இங்கிலாந்தில் பிறப்புப் பதிவும் இல்லை, இறப்புப் பதிவும் இல்லை. ஆகவே அந்த இழப்புகள் ஏடுகளில் இல்லை. உயிரோடு பிறந்து இறந்தவர்களைப் பற்றி மட்டும் ஒரு தடயம் உண்டு. 1911 கணக்கெடுப்பில், மணமாகி எத்தனை ஆண்டுகள், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று கேட்டார்கள். அந்தத் தாளைக் குடும்பத்தினரே நிரப்பினர். ஒரு வீட்டின் தாளில் தாய்க்கு எதிரே தொழில் கட்டத்தில் ‘முக்குபவர்’ என்றும், பிள்ளைக் கட்டத்தில் பிறந்தவர்களைவிடச் சற்றே குறைந்த எண் இறந்தவர்களுக்கு எதிரேயும் இருந்தால், அந்த இரண்டு கட்டங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாத்திரத்தின் அடிப்பக்கம்

ஏடுகளைத் தவிர இன்னொரு சான்றும் உண்டு. பழைய தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் ஆலையின் முத்திரைக்கு அருகே சிறு புள்ளியோ, கோடோ, எழுத்தோ தென்படும். எண்ணிக்கைக் கூலி பெற்ற வண்ணக்காரிகளும் ஒட்டுக்காரிகளும் தங்கள் பாத்திரங்களைக் கணக்கிடுவதற்காக இட்ட குறிகள் அவை. பழம்பொருள் வணிகர்கள் ஆலை முத்திரையை அட்டவணைப்படுத்திய அளவுக்கு இந்தக் குறிகளைப் பொருட்படுத்தவில்லை. பெரும்பாலான குறிகள் யாருடையவை என்று சொல்ல வழியில்லை. எனினும் அந்தத் தட்டு யாரோ ஒருவருடைய அன்றைய கூலியில் எண்ணப்பட்டது என்பதற்கு அவரே இட்ட சான்று அதுதான்.

ஆவணங்களின் விலை

1921 கணக்கெடுப்பில் முதன்முறையாக ஒவ்வொருவரும் எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்று கேட்கப்பட்டது. 2022இல் அது பொதுப் பார்வைக்கு வந்தபோது, ஒரு தெருவில் யார் யார் எந்த ஆலைக்குப் போனார்கள் என்பதை எளிதாகத் தொகுக்க முடிந்தது. அடுத்த படி இல்லை. 1931 கணக்கெடுப்பின் இங்கிலாந்து, வேல்ஸ் தாள்கள் 1942 டிசம்பரில் தீயில் அழிந்தன. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. போர் தொடங்கியதும் 1939இல் எடுக்கப்பட்ட பதிவேடு ஒன்றே இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது.

ஆலை ஏடுகளும் அழிவின் விளிம்புக்குப் போய் வந்தவைதாம். 2009 ஜனவரியில் வாட்டர்ஃபோர்ட் வெட்ஜ்வுட் நிறுவனம் நொடித்தது. அதன் ஓய்வூதிய நிதியில் 134 மில்லியன் பவுண்டு பற்றாக்குறை இருந்தது. வெட்ஜ்வுட் அருங்காட்சியக அறக்கட்டளையின் ஊழியர் சிலர் அதே ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தமையால், முழுப் பற்றாக்குறைக்கும் அறக்கட்டளையே பொறுப்பு என்றாயிற்று. அதனிடம் இருந்த பெரிய சொத்து அந்தப் பீங்கான்களும் கூலிக் கணக்குகள் உள்ளிட்ட ஆவணங்களுமே. அவற்றை விற்கலாம் என்று 2011இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, 18ஆம் நூற்றாண்டுத் தொழிலாளர்களின் பெயர்கள் உள்ள ஏடுகளை ஏலத்தில் விட்டு, 20ஆம் நூற்றாண்டுத் தொழிலாளர்களின் ஓய்வூதியக் கடனைத் தீர்க்கும் நிலை. இரண்டு தரப்பிலும் இருந்தவர்கள் பாட்டர்களே. 2014இல் பொதுமக்களின் நன்கொடையும் அறநிதிகளும் சேர்ந்து 15.75 மில்லியன் பவுண்டு திரண்டது. தொகுப்பு விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் உடைமையாகி, பார்லஸ்டனில் உள்ள ஆலை வளாகத்திலேயே வைக்கப்பட்டது.